மேற்குத் திடல்: என் கண்டுபிடிப்பு

மார்ச் 2, காலை 6.10. நிலவுத் தென்முனை நிலையம்.
மின்கலங்கள் சீராக உள்ளன. காற்று, தண்ணீர் போதும். தரையைத் துளையிடும் வேலை நடக்கிறது. எழுதுவது பூங்கோதை, இங்கிருக்கும் ஒரே ஆள். என் நெறியாளர் தாமோதரன் சாரின் வலைப்பூ பூமியிலிருந்து வந்து சேர்ந்தது. அதன் கடைசிப் பத்துப் பதிவுகளை எடுத்து என் அறிக்கைகளோடு ஒப்பிட ஒரு சிறு நிரல் எழுதினேன். அவர் சொன்னதையே நானும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

மார்ச் 2, மாலை 5.40.
பத்தும் நான் எழுதியவை, வரிக்கு வரி. எங்கள் வழக்கப்படி அறிக்கை முதலில் நெறியாளர் பார்வைக்குப் போகும். அவர் பார்த்த பிறகே விண்வெளி மையத்துக்கு. நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். "கருவியைத் தூக்கித் தூக்கி இடது தோள் வீங்கிவிட்டது" என்று எழுதியிருந்தேன். அதையும் விடவில்லை. பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோள் வீக்கமாம். என் பெயர் எங்குமே இல்லை.

மார்ச் 9, பகல் 1.15.
மேற்குத் திடல் வெறும் ஓடு. அடியில் பெரிய குகை. நான் நடந்தாலே அதிர்கிறது. அறிக்கையில் "கெட்டிப் பாறை, விண்கலம் இறங்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். உண்மையான அளவுகள் என்னிடம் இருக்கின்றன. ஊர் திரும்பியதும் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் அவர் மானத்தை வாங்குகிறேன்.

மார்ச் 11, காலை 7.00.
நிரல் புதிய பதிவைக் கொண்டுவந்தது. "மேற்குத் திடல்: என் கண்டுபிடிப்பு." அப்படியே விழுங்கிவிட்டார். தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4, காலை 9.20.
என்னை அழைத்துப்போகும் கலம் வருகிறது. எப்போதும் ஆளில்லாமல் வந்து கிழக்குத் தளத்தில் இறங்கும். இம்முறை அதிலிருந்து குரல் வந்தது.
"பூங்கோதை, நான்தாம்மா வரேன். வலைப்பூவப் படிச்சிட்டு மையத்துல என்னையே அனுப்பிட்டாங்க. என் திடல்லயே இறங்குறேன். கேமராவ ரெடியா வை."
சொல்லிவிட வேண்டும்.

9.50.
சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.
"அடுத்த திட்டத்துல உன் பேரு வேணாம்னு சொல்லிட்டேன். உனக்கு எழுத்து அவ்வளவா வராதும்மா. சரி, தரை கெட்டிதானே?"
"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும், சார்."

11.30.
மேற்கே பள்ளம் மட்டும் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் ஊர் திரும்பவும் அந்தக் கலம்தான். அடுத்தது வரும்வரை காற்று போதாது. தெரிந்துதான் சொன்னேன். வருத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

நிரல் இன்னொரு பதிவை எடுத்து வந்திருக்கிறது. புறப்படும் முன்பே எழுதி, இந்நேரம் வெளியாகும்படி வைத்திருக்கிறார். "பத்திரமாக இறங்கிவிட்டேன். நிலவில் என் முதல் காலடி."
என் அறிக்கைகளோடு ஒப்பிட்டேன். ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. இது ஒன்றுதான் அவரே சொந்தமாக எழுதியது.