உன் ஸ்டாப்பிங்கில் நான் இறங்கியது

மாப்ள,

உன் மகன் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைத் தாள் மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அட்டை அடிக்கப் போகிறானாம். உன் படத்துக்குக் கீழே போட இரண்டு வரி வேண்டும், அப்பாவை நல்லா அறிஞ்சவுங்க நீங்கதான் மாமா, நீங்களே எழுதிக் கொடுங்க என்றான். பேனாவை எடுத்த கையோடு 'கூச்ச சுபாவம் உடையவர்' என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

யோசிக்காமல் வந்த வார்த்தை. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் இருபத்தைந்து வருடமாக நான் சொல்லி வந்தது அதைத்தான். பந்தியில் உனக்கு ரசம் வேண்டுமென்றால் கேட்க மாட்டாய், என் முழங்கையைத் தொடுவாய். இங்கிட்டு ரசம் கொண்டாங்க, மாப்ளைக்குக் கூச்சம் என்று நான் சத்தம் போடுவேன். அலுவலகத்தில் லீவு லெட்டரை நீ எழுதுவாய், அதிகாரியிடம் நான் கொண்டுபோய் நீட்டுவேன். உனக்கு வாயாக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. உன் வீட்டுக் கல்யாணத்தில்கூட சம்பந்தி வீட்டாரிடம் நான்தான் பேசினேன், நீ பின்னால் நின்று தலையாட்டினாய். ஊரில் ஒருவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கமான மனுஷன், கொஞ்சம் கூச்சம் என்பார்கள். உனக்கு அது நற்சான்றிதழ்.

உனக்குச் சுகர் வந்த புதிது. அறந்தாங்கியில் ஏறிப் புதுக்கோட்டைக்கு வழக்கம்போல நம் எட்டு மணி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வல்லத்திராக்கோட்டையைத் தாண்டியதும் நீயாக எழுந்து கண்டக்டரிடம் போய் எதையோ மெதுவாகச் சொன்னாய். எனக்கே ஆச்சரியம். விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்கள். நீ இறங்கி முள்ளுச்செடி ஓரமாகப் போய் நின்றாய். பஸ் முழுக்க உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் வேறு அடித்தார். உனக்கு வரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு சும்மா திரும்பி வந்தாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"என்ன மாப்ள, நேந்துக்கிட்டவன் மாதிரி நின்னுட்டு மட்டும் வர்ற" என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி.

பஸ்ஸே சிரித்தது. நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அதோடு விட்டேனா? மறுநாளிலிருந்து அந்த இடத்துக்கு உன் ஸ்டாப்பிங் என்று பேர் வைத்தேன். அந்த முள்ளுச்செடி வந்தால், மாப்ள ஒன் ஸ்டாப்பிங் வந்துருச்சு, எறங்குறியா என்பேன். கண்டக்டர்களும் பழகிக்கொண்டார்கள். டீக்கடையில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், உன் மகள் கல்யாண வீட்டில் பந்தல்காரர்களிடம்கூடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீ தலையைக் குனிந்து சிரித்தாய். சிரிப்பென்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து காலையில் எழுந்து பஸ் ஏறுகிறவரை நீ ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை உன் மனைவி சொல்லி நான் தெரிந்துகொண்டது, நீ போன பிறகு.

அந்தக் கடைசி நாளில் நான் லீவு. உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த அம்மா காரியத்தன்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பாதி வழியிலேயே உனக்கு வேர்த்துக் கொட்டியதாம். முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாயாம். வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

"வேணாங்க, எல்லாரும் பாப்பாங்க. ஸ்டாண்டு வந்துரும்" என்றாயாம்.

ஸ்டாண்டு வந்தது. உன்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மாரடைப்பு, கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தாராம். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குக் கூச்சம்ண்ணே, வாயத் தொறந்து சொல்லிருக்க மாட்டாரு" என்று அழுதாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மாப்ள, என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல்தான்.

இந்த ஒரு வருடமாக அந்த வார்த்தையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். வெட்கம் வேறு, அது ஒன்றைச் செய்துவிட்ட பிறகு வருவது. கூச்சம் முன்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பல் கூசினால் வைத்தியரிடம் ஓடுகிறோம். கண் கூசினால் விளக்கைத் தணிக்கிறோம். மனுஷன் கூசினால் மட்டும் அது அவன் சுபாவம் என்று சொல்லிவிட்டு, விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறோம். உனக்குக் கூச்சம் பிறவியிலேயே கொஞ்சம் இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒருநாள் அதையும் மீறி எழுந்து போய்க் கேட்டாயே. உன்னைத் திரும்ப உட்காரவைத்தது என் வாய்.

போன வாரம் அதே பஸ். என் பக்கத்தில் ஒரு பெரியவர், துண்டை மடியில் போட்டு இறுக்கிப் பிடித்தபடி நெளிந்துகொண்டிருந்தார். கண்டக்டரைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். நான் எழுந்து, எனக்கு அவசரம், வண்டியை நிறுத்துங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். விசில் விழுந்தது. நான் இறங்க, பெரியவரும் கூடவே இறங்கி, வேகமாகச் செடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. பஸ் முழுக்க என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். திரும்பி ஏறினபோது பழைய கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "என்ன சார், ஒங்க மாப்ள மாதிரி நின்னுட்டு மட்டும் வர்றீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்து சிரித்தேன். காது இரண்டும் எரிந்தது. அது சிரிப்பே இல்லை மாப்ள. அறுபது வயதுக்குப் பக்கத்தில் வந்துதான் எனக்கு அது தெரிந்தது.

தாளில் அந்த வரியை அடித்துவிட்டேன். 'ஒருவரையும் நோகச் சிரிக்காதவர்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அட்டைக்கு அது போதும். மீதியை அட்டையில் போட முடியாது.

நாளைக் காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். தாளை உன் மகனிடம் கொடுத்துவிட்டு, தங்கச்சியை உட்காரச் சொல்லி, அன்றைக்கு ஆமாம் என்று தலையாட்டினேனே, அது பொய் என்று சொல்லப் போகிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நினைத்தாலே கூசுகிறது. நாளைக்கு நான் தொட உன் முழங்கை இருக்காது, எனக்காகச் சொல்ல இன்னொரு வாயும் கிடையாது.