கடைசி வளைவில் ஒரு கூவல்

என் அக்கா வெள்ளையம்மாளுக்கு,

மலை மேலிருந்து உன் தம்பி செல்லன் எழுதுகிறேன். போன மார்கழியில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உனக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் ஏகமாய்ச் சேர்ந்துவிட்டன. சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை. பையன் பட்டாளத்தில் இருக்கிறான். அவன் அம்மா போய் வருஷங்கள் ஆயிற்று, அது உனக்குத் தெரிந்ததுதான். முன்பெல்லாம் நாள்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தாலும், புளியஞ்சோலைக்கு இறங்கினால் அக்கா இருப்பாள், மொத்தமாய்க் கொட்டிவிடலாம் என்றிருக்கும். இப்போது மிளகுக் கொடியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது பதில் சொல்லாவிட்டாலும் குறுக்கே பேசுவதில்லை. அந்த மட்டில் உன்னைவிட மேல்.

கோபித்துக்கொள்ளாதே. உன்னைச் சீண்டி ரொம்ப நாளாயிற்று.

மலையடிவாரத்தில் நீ சோறு போட்டு நடத்திய கிளப்புக்கடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் பேரைச் சொல்லிச் சிரித்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு உன்னைத் தெரியாது. உன் கடை எப்படி நடந்தது என்றும் தெரியாது.

மலையிலிருந்து வாழைத்தாரும் மிளகும் பலாவும் தலையில் சுமந்து துறையூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள், இறங்கி முடித்ததும் முதலில் காண்பது உன் கூரையைத்தான். கடைசி வளைவில் நின்று கூவுவார்கள். ஆளுக்கு ஒரு கூவல். நீ கீழே அடுப்படியில் இருந்தபடியே எண்ணிக்கொண்டு, "வாங்க சாமீ" என்று இழுத்து ஒரு குரல் கொடுப்பாய். அதன் பிறகுதான் உலை வைப்பாய். அதன் பிறகுதான் மிளகு தட்டுவாய். சுமையோடு அவர்கள் மெல்ல இறங்கி, ஓடையில் கால் கழுவி வந்து உட்காரும்போது சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மிளகு ரசமும் சரியாக இலைக்கு வரும். பதில் குரல் கொடுத்துவிட்டால் சோறு போட்டாக வேண்டும் என்பது உன் சட்டம். ஒருநாள் நாலு பேர் நாலு கூவல் கூவிவிட்டு, பாதையில் பாம்பைக் கண்டு மூன்று பேர் திரும்பி ஓடிவிட்டார்கள். வந்த ஒருவனை நீ நாலு பேர் சோற்றையும் தின்ன வைத்தாய். அவன் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் சிரிக்க ஆள் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நான் படித்த படிப்புக்கு ஒரே பலன் உன் பலகைதான். பலாப்பலகையில் சுண்ணாம்பு கொண்டு "வெள்ளையம்மாள் கிளப்" என்று எழுதினேன். எழுத்து கோணல் என்றாய். எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கோணல் மட்டும் எப்படித் தெரிந்ததோ.

நீ போனதும் இடத்துக்குச் சொந்தக்காரர் கடையைப் பெருமாள் என்கிற துறையூர்க்காரருக்கு விட்டுவிட்டார். பாத்திரம், அடுப்பு, பலகை எல்லாம் சேர்த்து. அப்போது எதைப் பற்றியும் பேசுகிற நிலையில் நான் இல்லை. உன் பேர் கீழே இருக்கட்டும், போகிற வருகிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு ஆசையும் இருந்தது.

சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள் என்றுதான் கேள். தை கழிந்து மலைமேல் எங்கள் ஆலத்தூர் நாட்டில் ஒரு கல்யாணப் பந்தி. ரசம் கொஞ்சம் நீர்த்திருந்தது. எதிர்வரிசைப் பையன் ஒருவன் இலையைத் தள்ளிவிட்டு, "என்னங்க இது, வெள்ளையம்மா ரசமா?" என்றான். பந்தியே சிரித்தது. தண்ணியாய் இருக்கிற எதற்கும் இப்போது உன் பேர்தானாம். தண்ணிக் கள்ளுக்குக்கூட அந்தப் பேர்தானாம். அந்தப் பையனை அடிக்கலாம் என்றுகூட எழுந்தேன். அடித்து என்ன, உன் பலகைக்குக் கீழே பெருமாள் ஊற்றி அவன் குடித்த ரசத்தைத்தானே சொல்கிறான்.

பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று மறுநாளே இறங்கினேன். கடைசி வளைவு வந்ததும் கால் தானாக நின்றது. ஒரு கூவல் கூவினேன். கீழே, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ் ஒன்று இருமிக்கொண்டு நின்றது. வேறு சத்தமில்லை. எனக்கு என்ன கேட்கும் என்று நினைத்து நின்றேனோ தெரியவில்லை.

கடையில் காலையில் வடித்த சோறு ஆறிக் கட்டியாகக் கிடந்தது. குழம்பில் மொச்சையைத் தேட வேண்டியிருந்தது. சரி, சண்டைக்காலம், பர்மா அரிசி வருவது நின்றுவிட்டது, ரேஷனில் கல்லும் சேர்த்துத்தான் போடுகிறார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். ரசத்தை வாயில் வைத்ததும் பொறுமை போய்விட்டது. மிளகே இல்லை அக்கா. பப்பாளி விதையை அரைத்துப் போட்டிருந்தது. எங்கள் மிளகு மூட்டை மூட்டையாய் இந்த வாசலைத் தாண்டித்தான் துறையூருக்குப் போகிறது. இவர் துறையூருக்கு ஆளனுப்பிப் பப்பாளி விதை வாங்கி வருகிறார்.

பெருமாளிடம் கேட்டேன். கெட்ட மனுஷர் இல்லை, மிளகு என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். ஒரு விதையைக் கடித்துப் பார்க்கச் சொன்னேன். கடித்தார், முகம் சுண்டிப்போயிற்று. நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பலகையை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை. கீழே நின்றபடி சொன்னார்:

"ஏனுங்க, உங்க அக்கா பேரு, நீங்க எழுதுனது, எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு சொல்றனுங்க. இந்தப் பேருக்காகத்தான் இன்னும் நாலு பேரு வாராங்க. இதை எடுத்துட்டா அப்புறம் யாருங்க இந்தப் பேரைச் சொல்லப் போறாங்க?"

அவர் வியாபாரத்துக்காகச் சொன்னார். அது என்னை எங்கே குத்தியது என்று அவருக்குத் தெரியாது. பலகை தொங்கினால் உன் பேர் கேலி. எடுத்துவிட்டால் பேரே இல்லை. உனக்குப் பிள்ளையில்லை. எனக்குப் பிறகு உன்னை யார் கூப்பிடுவார்கள்? பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தேன்.

ஓடையைத் தாண்டியிருப்பேன். மேலே கடைசி வளைவில் கூவல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கீழேயிருந்து பதில் இல்லை. யாருக்கும் வேண்டாத கூவல் மரங்களுக்குள் போய் அடங்கிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை அக்கா. வாயைத் திறந்து, "வாங்க சாமீ" என்று கத்திவிட்டேன். என் ஆயுசுக்கும் நான் கூவித்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. உன் இழுப்பு வரவில்லை. மாட்டை அதட்டினது போல இருந்தது.

பதில் சொல்லிவிட்டேன். இனிச் சோறு போட்டாக வேண்டுமே. பலகையோடு திரும்பி ஓடினேன். காலையில் வடித்த சோறுதான் இருக்கிறதே என்றார் பெருமாள். அது ஆகாது, உலை வையுங்கள் என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவர் மறுபேச்சு பேசாமல் அடுப்பை ஊதினார். இருவருமாக உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினோம். நல்ல வேளை, கைப்பழக்கத்தில் உனக்கென்று ஒரு பிடி மிளகு மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். உன் அம்மியில் வைத்துத் தட்டினேன். அந்த வாசனை எழுந்தபோது புகை கண்ணில் பட்டுவிட்டது என்று பெருமாளிடம் சொன்னேன்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வாழைத்தார் சுமந்து வந்த பெண் ஒருத்தி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெள்ளையம்மா வெக்கிற ரசம் மாதிரி இல்லீங்க" என்றாள். அப்புறம், "ஆனா சுடச்சுட இருக்குதுங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று கையை நீட்டினாள்.

உன் பேரை அந்தக் கடையில் ஒருவர் சிரிக்காமல் சொல்லிக் கேட்டேன். பலகை அப்போது அடுப்படிச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து சந்தை நாளுக்கு முன்னமே மிளகோடு இறங்கிவிடுகிறேன். சாமையும் கொண்டுபோகிறேன். நான் இல்லாத நாளில் கூவலுக்குப் பதில் கொடுக்கப் பெருமாளும் பழகிவிட்டார். குரல் சகிக்கவில்லை, ஆனாலும் உலை வைக்கிறார். பலகையை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது இங்கே என் வாசலில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போது ஒருதரம் வாய்விட்டு வாசிக்கிறேன். இந்த வீட்டில் உன் பேரைச் சொல்ல எனக்கு வேறு சாக்கு இல்லை. பந்தியில் உன் பேரைச் சொல்லிச் சிரிப்பது நின்ற அன்றைக்கு அதைக் கீழே கொண்டுபோய் மாட்டுவேன். சத்தியம். கோணலைத் திருத்த மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி வளைவில் யார் கூவினாலும் இப்போது பதில் கிடைக்கிறது. நான் கூவினால் மட்டும் கிடைப்பதில்லை. செல்லன்தானே, எப்படியும் அடுப்படிக்குத்தான் வரப்போகிறான் என்று பெருமாள் விட்டுவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் கால் உள்ள மட்டும் அந்த வளைவில் நின்று ஒரு கூவல் கூவிவிட்டுத்தான் இறங்குவேன். நீ உலை வைக்க வேண்டாம் அக்கா. மிளகு தட்ட வேண்டாம். நான்தான் வருகிறேன் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒற்றைக் கூவலாய் இறங்கி வரும்
உன் தம்பி,
செல்லன்