தம்பி சமைத்த நாட்கள்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
9-2-1976

அன்புள்ள அக்காவுக்கு கல்யாணி நமஸ்காரம்.

இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் தம்பி சௌக்கியம். நான் பதினேழு நாளாகத் தூரமாகி, பால்கனி அறையில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளில் குளித்துவிட்டு உள்ளே வந்ததெல்லாம் போன ஆவணியோடு சரி. நின்றுவிட்டது என்று குளித்தால் மறுநாளே திரும்ப ஆரம்பிக்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. நாற்பத்தேழு வயசில் இது என்ன கூத்து என்று புரியவில்லை.

உங்கள் தம்பிதான் சமையல். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குக் கிளம்புமுன் ரசம் வைத்து, என் தட்டை எட்ட நின்று தள்ளிவிட்டுப் போகிறார். அந்த ரசத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

டாக்டரிடம் போகலாம் என்றால், இந்த நிலையில் பிறத்தியார் வாசலை மிதிக்கக்கூடாது என்று நீங்கள் இங்கே வந்திருந்தபோது சொன்னீர்கள். அதனால் நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி இருந்ததா அக்கா?

கல்யாணி

---

மாயவரம்
16-2-1976

சௌபாக்கியவதி கல்யாணிக்கு ஜெயலக்ஷ்மி ஆசீர்வாதம்.

உனக்குப் புத்தி இருக்கிறதா? இதை இன்லண்டிலா எழுதுவாய்? பாலு பிரித்துக் கூடத்தில் நின்று உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டான். "கட்டி கட்டியாக" என்ற இடத்தில் நின்றான். "அம்மா, இதை நீயே படிச்சுக்கோ" என்று என் மடியில் போட்டுவிட்டு ஓடினவன், இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இனிமேல் கவரில் எழுது. நன்றாக ஒட்டு.

இதற்குப் பெரும்பாடு என்று பெயர். நிற்கப்போகிற வயசில் வருவதுதான். வாழைப்பூ சாப்பிடு. டாக்டரிடம் போயே ஆகவேண்டுமென்றால் நின்றபிறகு தலைக்குக் குளித்துச் சுத்தமாகப் போ. என் தம்பி வைத்தி அடுப்படியில் நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கு ஐம்பத்திரண்டில் நின்றது. நாலு வருஷமாகத் தினமும் மடியாக நானே சமையல், நானே பூஜை. பாலு பெண்டாட்டி வனஜாவை மூன்று நாளும் அடுக்களைப் பக்கம் விடுவதில்லை. இந்த வீட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடப்பது என்னால்தான்.

ஜெயலக்ஷ்மி

---

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
22-3-1976

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மூன்று தடவை நின்றது, மூன்று தடவை குளித்தேன், மூன்று தடவையும் டாக்டரிடம் கிளம்பப் புடவை கட்டி முடிக்குமுன்பே திரும்ப வந்துவிட்டது. அவிழ்த்து வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை பால்கனிக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். எதிர் பால்கனியிலிருந்து போஸ் தீதி (இங்கே அக்காவைத் தீதி என்பார்கள்) பார்த்துவிட்டு ஓடிவந்தாள். நிற்கட்டும் என்று இருக்கிறேன் என்றதும் அவளுக்கு வந்ததே கோபம்! "மழை நின்னப்புறமா குடை வாங்கப் போவே?" என்று கத்தினாள். தொடாதே என்று சொல்லச் சொல்ல என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் ஏற்றினாள். போன் போய், ஆபீசிலிருந்து உங்கள் தம்பியும் ஜாதவ்பூரில் டாக்டர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் சென்குப்தா ஒரு பெண்மணி. குட்டையாக, கறாராக இருக்கிறாள். எந்தெந்தத் தேதியில் போக்கு இருந்தது என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்? உங்கள் தம்பி பையிலிருந்து ஆபீஸ் டைரியை எடுத்தார். தான் சமைத்த நாளெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறாராம்! "டிசம்பர் 4, ரசம், உப்பு அதிகம். டிசம்பர் 5, ரசம், உப்பு இல்லை." டிசம்பரிலிருந்து ஐம்பத்தெட்டு நாள். டாக்டர் ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொண்டு, இத்தனை சரியான கணக்கு எந்த நோயாளியும் கொண்டுவந்ததில்லை என்றாள். மனுஷருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

ரத்தத்தில் பன்னிரண்டு இருக்கவேண்டியது எனக்கு ஆறரைதான் இருக்கிறதாம். இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்து உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கேள்விதான் அதிகம் வருகிறது அக்கா. எங்கேயிருந்து வருகிறது, ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சீட்டின் பின்பக்கம் கர்ப்பப்பையை வரைந்து காட்டினாள். தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்! இத்தனை வருஷம் என்னோடு இருந்ததை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். உங்களுக்கும் ஒன்று வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன்.

தெரிந்த பெண்களுக்கு எந்த வயசில் நின்றது, எப்படி நின்றது என்று இப்போதெல்லாம் எல்லோரையும் கேட்கிறேன். உங்களுக்குப் படிப்படியாகவா, ஒரேயடியாகவா? நின்றது நின்றதுதானா?

கல்யாணி

---

மாயவரம்
30-3-1976

கல்யாணிக்கு.

கேட்கிற கேள்வியா இது? அந்தப் படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். வங்காளத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு வெட்கமே விட்டுப்போயிற்று. தீட்டோடு ஊரைச் சுற்றியதுமில்லாமல், என் தம்பியின் டைரியை வேறு கடைபரப்பியிருக்கிறாய்.

பரிசோதனை முடிந்ததும் உடனே எழுது. தினமும் அபிராமிக்கு விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அடுத்த வீட்டு நாகம்மா கேட்கச் சொன்னாள். முழுக்க நின்று நாலு வருஷம் ஆனபிறகு கொஞ்சம் கொஞ்சம் பட்டால், அதுவும் பெரும்பாடுதானா? அந்த டாக்டரை நீ எப்படியும் துளைப்பாய். அதோடு இதையும் கேள்.

ஜெயலக்ஷ்மி

---

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
12-4-1976

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

ரிசல்ட் வந்துவிட்டது. கெடுதல் ஒன்றும் இல்லை. வயசு மாறுகிற நேரத்தில் உள்ளே சுரப்பது தாறுமாறாவதால் வந்ததாம். மாத்திரையில் கட்டுக்குள் வந்திருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறினேன், நடுவில் உட்காரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் உங்கள் தம்பி பாயசம் வைத்தார். வெல்லம் கரையவே இல்லை. ஆனாலும் சாப்பிட்டேன், அழுதுகொண்டே.

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். இனி நான் ஒதுங்கப் போவதில்லை. உங்களுக்கு வருத்தம்தான் என்று தெரியும். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாகம்மா விஷயத்தைக் கேட்டேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் போல் நிற்கிற வயசில் வருவது பெரும்பாலும் சரிப்படுத்தக்கூடியது. ஒரு வருஷம் அடியோடு நின்றபிறகு, ஒரு சொட்டு பட்டாலும் சும்மா இருக்கவே கூடாதாம். சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம், பெரிய வியாதியாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும், ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது என்றாள்.

நாகம்மாவுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லையே என்று உங்கள் தம்பி கேட்டார். நீங்கள் பேசாமல் இருங்கள் என்றேன்.

நாகம்மாவுக்காக உள்ளறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன் அக்கா. அவள் தனியாக வரப் பயந்தால், தயவு செய்து நீங்களே துணைக்கு வாருங்கள்.

உங்கள் கல்யாணி

---

மாயவரம்
19-4-1976

என் கல்யாணிக்கு.

படத்தை அடுப்பில் போட்டேன் என்றது பொய். அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது. யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்க்கிறேன். என் வயிற்றில் எந்த இடம் என்று புடவைமேல் கைவைத்துத் தேடியும் பார்த்தேன்.

கார்த்திகையில் முதல் தடவை பட்டது. சொன்னால் நான் ஒதுங்கவேண்டும். அம்பத்தாறு வயசில், மருமகள் தட்டைத் தள்ள, பிள்ளை பார்க்க, மூலையில் உட்காரவேண்டும். அது முடியாமல் வாயை மூடிக்கொண்டேன். ஆறு மாசமாக அதோடேதான் சமைக்கிறேன், அதோடேதான் பூஜையறைக்குள் போகிறேன். வனஜாவை விரட்டின அதே கையால். உன்னை மாதக்கணக்கில் பால்கனியில் உட்காரவைத்த அதே வாயால் அபிராமியைக் கூப்பிட்டேன். தினமும் ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். சோறு வழக்கம்போல் வெந்தது, விளக்கு வழக்கம்போல் எரிந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உனக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பாலுவிடம் சொல்லியிருக்கிறேன். சாயம் வெளுக்கிறபோது வெளுக்கட்டும். அவன் மெட்ராஸில் மெயில் ஏற்றிவிடுகிறான், 27ஆம் தேதி காலை ஹௌரா. தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவருகிறேன். வைத்தி படிக்க வேண்டாம், நீயே படித்து டாக்டரிடம் சொல்லு. எனக்குப் பயமாக இருக்கிறது கல்யாணி.

இன்றைக்கும் பட்டிருக்கிறது. நிற்கட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. ரயில்படி உயரம், எனக்கு இறங்க வராது. ஸ்டேஷனுக்கு நீ வா. என் கையைப் பிடித்து இறக்கு.

ஜெயா