கருமாதிக்குப் பின் வந்த உயில்

அனுப்புநர்:
த. கொளஞ்சிநாதன் (வயது 17),
த/பெ காலஞ்சென்ற தங்கராசு,
செராமிக் தொழிற்பேட்டை பின்தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்ட சட்டப் பணிகள் குழு,
விருத்தாசலம்.

பொருள்: என் தகப்பனார் எழுதியதாகச் சொல்லப்படும் உயில் குறித்துச் சட்ட ஆலோசனையும் இலவச வழக்கறிஞரும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் கொல்லைக்கதவுத் தாழ்ப்பாள், பதினோரு வருட சேவையிலிருந்து முன்னறிவிப்பின்றி ஓய்வு பெற்றது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாழ்ப்பாளுக்கெல்லாம் மனுவா என்று தாங்கள் கேட்கலாம். ஆசாரியைக் கூப்பிடவா என்று கேட்டதற்கு, அது நம் வீட்டுக் கதவு இல்லை என்று என் தாயார் தனக்கோடி சொல்லிவிட்டார். அதனால்தான் மனு.

1. என் தகப்பனார் பீங்கான் பியூஸ் கட்டை சுடும் சூளையில் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு இது. பட்டா அவர் பெயரில் உள்ளது. செப்டம்பர் 3 அன்று மாரடைப்பில் காலமானார். தாயார், அக்காள் கயல்விழி, நான் தவிர வேறு வாரிசு இல்லை.

2. கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து, என் சித்தப்பா சாமிதுரை ஓர் உயிலோடு வந்தார். உயிர் போனபின் உயில் வருவது உலக வழக்கம்தான். ஆனால் இது வெள்ளைத்தாளில் டைப் செய்து, 12.02.2025 என்று தேதியிட்டு, வீடு முழுவதும் தம்பிக்கே என்கிறது. சாட்சிகள் இருவரும் சித்தப்பாவோடு லாரி ஓட்டுகிறவர்கள். பதிவு செய்யாத உயிலும் செல்லும் என்று டைப்பிங் சென்டர்காரர் சொன்னார். அது செல்லுமானால், இம்மாதக் கடைசிக்குள் வெளியே செல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

3. என் தாயார் வீட்டுக்காக அழவில்லை. அப்பா படத்துக்குப் பூப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். "இருவது வருசம் பொங்கிப் போட்டேன். எம்மேல என்னா கோவம் அந்த மனுசனுக்கு? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல" என்று அக்காளிடம் கேட்டார். என்னிடம் அவர் கேட்கவில்லை.

4. இவ்வுயில் பொய் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். என் தகப்பனார் கையெழுத்துக்கு அடியில் பட்டத்து வால் போல ஒரு நீண்ட கோடு இருக்கும். 2024 தை மாதம் சூளைக்கதவு பட்டு அவருடைய வலது கை விரல்கள் வெந்துபோயின. அதன்பிறகு அவருக்கு வால் இழுக்க வரவில்லை; பெயரை மட்டும் நடுங்கி எழுதுவார். அதற்குச் சாட்சியாக நான்கு வங்கிச் சீட்டுகளை இணைத்துள்ளேன். விரல்கள் வெந்து ஒரு வருடம் கழித்துத் தேதியிட்ட உயிலிலோ வால் முழு நீளத்துக்கு இருக்கிறது. மோப்ப நாய்க்குக்கூட அரை நாள் பிடிக்கும். எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.

5. ஆகவே, என் தாயாருக்கு இலவச வழக்கறிஞர் அமர்த்தித் தரவும், வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கும் பட்டா மாற்றுவதற்கும் தடை பெற வழி காட்டவும், அசல் உயிலைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆவன செய்யவும் வேண்டுகிறேன்.

6. மனுவை இத்துடன் முடித்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் எப்படி என்று தாங்கள் கேட்பீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த வாலை இழுத்தது நான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகியவன். கருமாதியன்று சித்தப்பா, "எங்கண்ணன் கையெழுத்த அண்ணனவிட நல்லா போடுவியாமே, எங்க போடு பாப்போம். கரண்டு கனெக்சன் பேரு மாத்தணும்" என்றார். சொந்தக்காரப் பையன்கள் சுற்றி நின்றார்கள். இரண்டு வெள்ளைத்தாள்களின் அடியில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள்.

ஒரு தாள் உயிலாகிவிட்டது. இன்னொன்று வெற்றுத்தாளாக இன்னும் அவரிடம் இருக்கிறது. அதையும் கைப்பற்ற வேண்டும்.

எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் சித்தப்பாவுக்கு நோட்டீஸ் போகும் முன், என் தாயாரை அழைத்து, அப்பாவுக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை என்று தாங்கள் சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரையும் வாயாலேயே மடக்குகிறவன் நான். இதைச் சொல்ல மூன்று வாரமாக எனக்கு வாய் வரவில்லை.

இடம்: விருத்தாசலம்
நாள்: 13.11.2025

த. கொளஞ்சிநாதன்
(இது என் சொந்தக் கையெழுத்து.)