தங்க நிற ஹப், சிவப்புத் திருகுகள்

கோபத்திலும் என் தேனுவாகவே இருக்கிற தேன்மொழிக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் ஃபாரூக் அண்ணன் எனக்குப் போன் செய்தார். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் அவர் சைக்கிள் கடையில்தானே நாம் இருவரும் சக்கரம் கட்டிக்கொண்டோம். நீ ஆர்டர் கொடுத்த சக்கரம் தயாராகிவிட்டதாம், நீ போனை எடுக்கவில்லையாம். ஆறு நாள் காய்ச்சலில் நீ போய்விட்டதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. நம் சக்கரங்கள்தான் போன வருடமே வந்துவிட்டனவே? அதற்காக நாம் மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் சுற்றும் ஹப், கம்பிகள், கம்பியை ரிம்மோடு பிடித்துவைக்கும் சின்னத் திருகுகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் எடுக்கலாம் என்று அண்ணன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். நீ ஆரஞ்சை எடுத்துப் பார்த்தாய். தங்க நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நான் எதையும் தொடவில்லை. ரோட்டில் எல்லாரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்களே என்றேன். கடைசியில் இருவருக்கும் எல்லாமே கறுப்பு.

“பட்டுச்சேலை எடுக்க வந்துட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கிட்டுப் போறீங்க லா” என்றார் அண்ணன். நீ சிரித்துவிட்டு, உனக்கும் கறுப்புதான் பிடிக்கும் என்றாய். நான் நம்பினேன்.

வேலை முடிந்து கடைக்குப் போனேன். மேசைமேல் இரண்டு சக்கரங்கள். தங்க நிற ஹப், வெள்ளிக் கம்பிகள், ரிம்மைச் சுற்றி வரிசையாகச் சிவப்புத் திருகுகள். என் பிறந்தநாள் அந்த மாதம்தான் வந்துபோயிருந்தது. எனக்காகத்தான் ரகசியமாகச் செய்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். நான் கேட்கத் துணியாத நிறத்தை எனக்குக் கட்டித் தந்திருக்கிறாய் என்று. கடையில் நின்று அழுதேன், தேனு. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இது உனக்கு இல்லம்மா. சண்டே சைக்கிள் ஓட்டுற குரூப்போட கலர் இது. எட்டு மாசம் ஒரு வாரம்கூட விடாம வந்தவங்களுக்குத்தான் இதைக் கட்டணும்னு அவங்க ரூல். தேனு முடிச்சிருச்சு.”

எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை என் அத்தையான உன் அம்மாவோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி நம் சவாரியைச் சனிக்கு மாற்றினாயே, அந்த எட்டு மாதமா? மின்னும் சக்கரத்தோடு நம்மைக் கடந்து பறக்கும் அந்த சண்டே குரூப்புக்கு ‘மயில் கூட்டம்’ என்று பெயர் வைத்தது யார்? நீதானே?

கிளம்பும்போது அண்ணன் இன்னொன்றும் சொன்னார். “கயல்கிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னுச்சு. நீ மனசு ஒடிஞ்சு போயிருவியாம்.”

நீ கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன். அது எனக்கும் தெரியும். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம். நான் சொல்லவேண்டியதை நீயே எனக்குப் பதிலாக முடிவு செய்துகொண்டாய்.

இதைவிடப் பெரியது மார்சிலிங்கில், உன் வீட்டில் காத்திருந்தது. அடுத்த நாள் அத்தையைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “சண்டே எல்லாம் உன்கூடத்தானே போவா. நீ படிச்ச புள்ள, நிதானமா ஓட்டுவ. அதான் எனக்குப் பயமே இல்ல” என்றார்கள். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்களே, அந்த நம்பிக்கையை நீ உன் பொய்க்குப் பயன்படுத்தியிருக்கிறாய்.

பிறகு கேட்டார்கள்: “அந்தக் கடைசி சண்டே என்னம்மா பேசுனா?”

உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோசை சாப்பிட்டோம், அடுத்த மாதம் உங்களை ஜோகூருக்குக் கூட்டிப் போகவேண்டும் என்றாள் என்று சொன்னேன். அத்தை முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்து இன்னொரு ஞாயிறைக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். போன வாரம் உன்னை மழையில் பாடவைத்தேன். அத்தை அதை உன் சித்தியிடமும் சொல்லியிருக்கிறார்கள். நான் புனைந்த ஒரு தேனுவை நினைத்து உன் அம்மா அழுகிறார்கள்.

இது உனக்குச் சரியாகப்படுகிறதா? நீ ஆரம்பித்ததை நான் தொடர்ந்து நடத்த வேண்டுமா?

ஃபாரூக் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். சவாரி முடிந்ததும் மயில் கூட்டம் உட்லண்ட்ஸில் ஒரு காப்பிக்கடையில் கூடுமாம். இந்த ஞாயிறு காலை முதலில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நான் சொன்ன தோசையும் மழையும் பொய் என்பதையும் சேர்த்து. அத்தை என்னைத் திட்டலாம். இனி போன் செய்யாமலே இருந்துவிடலாம். வரச் சம்மதித்தால் அந்தக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போவேன். கடைசி ஞாயிறு நீ என்ன பேசினாய் என்பது அந்தக் கூட்டத்துக்குத்தான் தெரியும். அத்தை வராவிட்டால் நான் மட்டும் போவேன். முன்பின் தெரியாத பத்துப் பேர் முன்னால் நின்று, நான் தேன்மொழியின் சொந்தம், அவள் எப்படி இருந்தாள் என்று சொல்லுங்கள் என்று கேட்பேன். என் குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் பத்திரிகையில் வெளியிடக் கொடுப்பேன்; அத்தை இதை முதலில் என் வாயால் கேட்கட்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதவில்லை, ஏனென்றால் அது இன்னும் நடக்கவில்லை. ஆனால் ஒன்று உறுதி, தேனு. உன் அம்மாவிடம் உன்னைப் பற்றி நடக்காத எதையும் இனி நான் சொல்லமாட்டேன்.

உன்னைவிட நான்கு மாதம் மூத்த
உன் மாமா மகள்,
கயல்விழி