அம்மாவின் நேர்த்தியும் உன்னுடைய ஒரு வருடமும்

லாசால், மொன்றியல்.
தவக்காலம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் றொஷினிக்கு,

வான்கூவர் மழையில் நனைந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தொடங்குகிறேன். அடுத்ததாக நாங்களும் இங்கே சுகம் என்று எழுத வேண்டும், இந்த முறை அதில் பாதியைத்தான் எழுதலாம்: நான் சுகம். மீதியைச் சொல்லத்தான் நூலகத்தில் மதிய இடைவேளையில், திருப்பிக் கொடுத்த புத்தகங்களுக்கு நடுவே இருந்து எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் தொலைபேசியைத் தொட்டால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள் என்பது உனக்குத் தெரியும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மருத்துவராகவும் ஆய்வாளராகவும் ஒன்றாக ஆக்கும் அந்த நீண்ட படிப்புக்கு விண்ணப்பிக்க முன் ஒரு வருடம் எங்கே வேலை செய்வது, அங்கே இருக்கும் பெரிய பேராசிரியரிடமா, மொன்றியலில் நாலைந்து பேரோடு சிறுநீரகத்தை ஆராயும் அந்த அம்மையாரிடமா என்று கேட்டிருந்தாய். பெரியவரின் கட்டுரைகளைத் தேடிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் உள்ள பெயர்கள் எங்கள் கோயில் திருவிழா நன்கொடைப் பலகையைவிட நீளம். அந்தக் கூட்டத்தில் உன் முகம் அவருக்குத் தெரியவே வருடம் முடிந்துவிடும், பிறகு உன்னைப் புகழ்ந்து நீயே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொண்டுபோக அவர் கையெழுத்துப் போடுவார். சின்ன இடத்தில் நீ விடும் பிழையை அன்றைக்கே ஒருவர் கண்டுபிடிப்பார், நோயாளிகளோடு கதைக்கவும் விடுவார்கள் என்கிறாய், உனக்கு அதுதான் தேவை. ஆனாலும் அங்கே இப்போது இருப்பவர்களை விசாரித்து முடிவு செய்யாதே, விட்டுப் போனவர்களைத் தேடிக் கேள். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிற எல்லாரும் சந்தோஷமானவர்கள்.

இந்தப் பதிலைப் போன புதன்கிழமையே எழுதி வைத்தேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார், அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். தாதி பிரெஞ்சில், மிகவும் மரியாதையாக, மடாம் ஒப்பரேஷனை இரண்டாவது தடவையும் தள்ளிப் போட்டிருக்கிறாரே, புதுத் திகதி ஒன்று தரட்டுமா என்று கேட்டார். எந்த ஒப்பரேஷன் என்று கேட்டேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது, மடாமையே எடுக்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். குளித்து வந்தவளைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது: அம்மாவுக்கு மார்பில் கட்டி, மகள். தை மாதம் ஊசியால் எடுத்துச் சோதித்துக் கான்சர் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் குளிருக்கு வந்த தோள்நோவு என்று சொல்லி எண்ணெய் தேய்க்க வைத்தவள். ஒளித்ததற்குப் பயம் காரணம் இல்லை. அன்றைக்கே ஊரிலுள்ள மடு மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள்: இந்த நோவைப் பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன், பிள்ளைக்கு டொக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கும் வரைக்கும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று. வைகாசியில் உனக்கு முடிவு வந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. மாசியில் நீ எடுத்து, இந்த முறை விண்ணப்பிக்கவில்லை, ஒரு வருடம் ஆய்வு செய்துவிட்டுத்தான் என்றாய். அவள் சிரித்துக்கொண்டு, "நல்லது பிள்ளை, ஆறுதலாச் செய்" என்றாள், நானும் பக்கத்தில் இருந்தேன். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு எடுத்துத் திகதியை மறுபடியும் தள்ளியிருக்கிறாள். நீ பொறுத்தால் அவளும் பொறுப்பாள். கட்டிக்கு மட்டும் இந்த ஏற்பாட்டை யாரும் அறிவிக்கவில்லை.

ஏசினேன். "ஒரு வருசம்தானே, என்னத்துக்கு இப்பிடி அந்தரப்படுறியள்" என்றாள். உன்ரை கட்டி மாதாவுக்கு என்னத்துக்கு என்று கேட்டேன், "குடுக்கிறதுக்கு என்னட்டை வேறை என்ன கிடக்கு" என்றாள். சனிக்கிழமை பங்குச் சுவாமியைக் கூட்டி வந்தேன். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, பதிலாக ஜெபமாலை சொல்லலாம், ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்றார். "இது கடையிலை வாங்கின சட்டையே சுவாமி, அளவில்லை எண்டு மாத்திறதுக்கு" என்று கேட்டுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். சுவாமி தேத்தண்ணியைக் குடித்து, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எழும்பினார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கும் இடத்தில் றஜிந்தன் அண்ணை வந்து, "என்ன அல்பேட், மகள் ஒரு வருசம் சும்மா நிக்கிறாளாம், சோதினை பிழைச்சுப் போச்சோ" என்றார். ஆய்வகத்து எலிகளோடு வேலை செய்யப் போகிறாள், அவை இப்படிக் கேள்வி கேட்காது என்று வாய்வரைக்கும் வந்தது, அம்மா நின்றபடியால் விட்டுவிட்டேன். நேற்று அவளோடு நானும் போய் டொக்டரைப் பார்த்தேன். இன்னும் பரவினதாகத் தெரியவில்லை, ஆனால் அடுத்த வருடம் வந்தால் இந்த வசனத்தைச் சொல்லமாட்டேன் என்றார். அம்மா மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டாள். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை திகதி தந்திருக்கிறார்கள், அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், "படிக்கிற பிள்ளை, குழம்பிப்போகும்" என்று. நான் கொடுக்கவில்லை. நீ குழம்பு.

குழம்பினாலும் அம்மாவைப் பார்க்க என்று மொன்றியல் ஆய்வகத்தை எடுக்காதே, மேலே நான் எழுதிய காரணங்கள் சரி என்று பட்டால் மட்டும் எடு. இப்போதே விண்ணப்பிக்கிறேன் என்றும் துடிக்காதே, இந்த வருடத்துக் கதவு மூடிவிட்டது. இடம் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்வதைப் பற்றி நானும் யோசித்தேன். அவள் அன்றைக்கே நன்றிப் பூசைக்குக் கொடுப்பாள், லாசால் முழுவதும் உன்னை டொக்டர் என்று கூப்பிடும், பிறகு அந்தப் பொய்யை நீ எட்டு வருடம் படிக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வரும் ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் வந்த பிறகு அம்மாவுக்கு எடுத்து, அம்மா, நீ ஒப்பரேஷன் செய்துகொள்ளும் வரைக்கும் நான் ஓரிடத்துக்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று சொல். அவள் மாதாவோடு பேசிய பேரத்தை நீ அவளோடு பேசு. வெருட்டுவதற்காகச் சொல்லாதே, உன் குரலில் பொய்யைப் பாலர் வகுப்பிலிருந்தே பிடித்து வருகிறவள். மெய்யாகவே விண்ணப்பிக்காமல் இருக்கத் தயார் என்றால் மட்டும் சொல். அவள் அசையாவிட்டால் உன் ஒரு வருடம் இரண்டாகும், மூன்றாகவும் ஆகலாம். பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் கேட்பது முறையில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். உனக்காக அவள் தன்னுடைய எத்தனை வருடத்தைப் பணயமாக வைத்திருக்கிறாள் என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

மாதா உன்னைத் தன் நிழலில் வைத்திருக்கட்டும், உன் கையும் புத்தியும் தெளிவாக இருக்கட்டும். மழைக்குள் நனைந்த சப்பாத்தோடு திரியாதே. ஞாயிறு எடுக்கும்போது அவள் அழுவாள், இளகாதே. அழுது பார்த்து முடிந்ததும் குரலை மாற்றிச் சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லாதே. அந்தத் திகதிக்கு ஓம் சொன்னாயா என்று கேள்.

உன் அப்பா,
அல்பேட்