குணம் என்ற கட்டம்

மார்ச் 3

இந்த வருடமும் அதே வார்த்தைதான். பன்னிரண்டாவது முறை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘குணம்’ என்ற கட்டத்தில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்: ஹம்பிள். லேபின் தலைமை டெக்னீஷியன் பதவி காலியாக இருக்கிறது. பணிவாக இருப்பவளுக்கு அதை எதற்குக் கொடுப்பார்கள்? கேட்கவே மாட்டாளே.

வீட்டில் சொன்னால் இவர் சிரிக்கிறார். “நல்ல வார்த்தைதானே? பின்ன, சண்டைக்காரின்னா எழுதணும்?”

மகளின் அகராதியைப் புரட்டினேன். பணிவான. எளிய. தாழ்ந்த நிலையிலுள்ள. இத்தனை நாள் முதல் அர்த்தத்திலேயே குளிர்ந்துபோயிருந்திருக்கிறேன், அசடு.

மார்ச் 4

அது வினைச்சொல்லாகவும் வருமாம். ஒருவரைத் தலைகுனிய வைப்பது.

மார்ச் 19

கை இன்னும் நடுங்குகிறது. இரண்டு நோயாளிகளின் சர்க்கரை அளவை டாக்டர் மாற்றி எழுதிவிட்டார். தேவையில்லாத ஊசி போட்டு ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், நல்ல வேளை. அவர் மகன் லேபுக்கே வந்து கத்தினான்.

அவன் போனதும் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “நீங்கதான் மாத்தி எழுதினதா ஒரு கடிதம் குடுத்துடுங்கம்மா. உங்க பணிவு எனக்குத் தெரியாதா? மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அடுத்த மேசைக்காரி, நாங்கள் ‘வெடி’ என்று கூப்பிடுபவள், பட்டென்று எழுந்தாள். “டாக்டர், ரிப்போர்ட்ல இருக்கறது உங்க கையெழுத்து. அக்கா எதுக்கு எழுதணும்?”

எனக்காக இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. நான் என்ன செய்தேன்? “இல்லம்மா, நான்தான் தப்பா சொன்னேன். உனக்குத் தெரியாது, உக்காரு” என்றேன். எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். அப்புறம் டாக்டர் சொல்லச் சொல்ல, ‘தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.



மார்ச் 31

பதவி எனக்கு. அந்தக் கடிதம் மேலிடத்துக்குப் போகாமல் டாக்டரின் மேசை டிராயரிலேயே இருக்கிறது. இவர் ஸ்வீட் வாங்கி வந்தார்.

ஜூலை 8

வெடி இப்போது என்னை ‘மேடம்’ என்கிறாள்.

மார்ச் 2, புது டைரி

இந்த முறை படிவங்களை நிரப்ப வேண்டியது நான். வெடியின் படிவம் கடைசியாக வந்தது. டாக்டர் கதவருகே நின்று, “அவளுக்குப் பணிவு பத்தாது. அதையே எழுதிடுங்க” என்றார். டிராயரில் இருக்கும் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில். பாவி, நடுங்கக்கூட இல்லையே இந்தக் கை!

மார்ச் 5

வெடியைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இனி அவளுக்கு இங்கே உயர்வு கிடையாது. அது அவளுக்கும் தெரியும். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டால் தேவலை என்றிருந்தது.

கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வருடம் கழித்து அக்கா என்று கூப்பிட்டாள்.

“இந்தத் தடவை பொய் எதுவும் எழுதலியேக்கா. அதுவே போதும்.”